திருவையாற்று ஆராதனைக்கு அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கடைவரிசை எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்ல இங்கிருப்பவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. திருமணத்திற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் முறையாகப் பாட்டுக் கற்றவர். அதன் பிறகு மேடையும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை, சமையலறையில் முணுமுணுப்பதோடு சரி. ஆனாலும் அவருடைய பழைய நோட்டுப் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, தெலுங்கு உச்சரிப்பு பிசகாமல் இருக்க க, த, ப ஆகியவற்றின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டு வைத்திருக்கிறார்.

மார்கழியில் நாங்கள் இருவரும் கோவையிலிருந்து சென்னைக்குச் சென்று நான்கைந்து கச்சேரிகள் கேட்டுத் திரும்புவது வழக்கம். இந்த ஆண்டு அவர், “சென்னை போதும், தியாகராஜரின் நினைவுநாள் ஆராதனைக்குத் திருவையாற்றுக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டு போ” என்கிறார். என் அண்ணனோ, “அந்தக் கூட்டத்தில் ஒன்றும் கேட்காது, மூட்டுவலியோடு தரையில் உட்கார வேண்டியிருக்கும், தூர்தர்ஷனில் நேரலையாகவே வருகிறது, காபியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்க்கலாம்” என்கிறார். இரண்டு பேருமே சொல்வது நியாயமாகத்தான் படுகிறது.

ஒரே நாளில் போய்வர முடியுமா, எங்கே உட்காருவது, என்ன சாப்பிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக இந்தப் பயணம் சிரமத்துக்குத் தகுமா என்று, சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தஞ்சாவூர்க்காரன் என்ற உரிமையில் முதலில் நான் பேசிவிடுகிறேன். அம்மாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி அன்று நிறைவு பெறும். தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று சித்தியடைந்தார் என்றாலும், திதியைக் கொண்டே நாள் குறிப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பஞ்சமிக்கு முந்திய சில நாட்களிலும் காலை முதல் இரவு வரை பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து அஞ்சலி செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் கூட்டம் குறைவு. அம்மா வயதில் இருப்பவர்கள் முதல்நாள் மாலையே வந்து, காவிரிக் காற்றில் ஆற அமர உட்கார்ந்து கேட்டு, இடத்தைப் பழகிக்கொண்டு, மறுநாள் காலையில் பஞ்சரத்தினத்துக்கு வருவதுதான் உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது.

திருவையாற்றுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூர் சந்திப்பில் இறங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் சாலையில் வரவேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வோர் ஆறாகக் கடந்து கடைசியில் காவிரிக்கு வருவதற்குள், ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28 வரை திறந்து வைத்திருந்தால் ஐந்திலும் தண்ணீர் பார்க்கலாம். பஞ்சமி பிந்தி வரும் ஆண்டுகளில் மணல்தான்.

கோவையிலிருந்து வருகிறவர்களுக்குப் பகலில் மயிலாடுதுறை ஜன் சதாப்தி இருக்கிறது. இரவில் மன்னார்குடி செல்லும் செம்மொழி விரைவு வண்டி இருக்கிறது. செம்மொழியில் ஒரு கண்ணி உண்டு. அது கோவையில் நள்ளிரவு கடந்து புறப்படுவதால், சனிக்கிழமை இரவு ஏற வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும். நான் ஒருமுறை சனிக்கிழமைக்கு எடுத்துவிட்டு, இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பே போய்விட்ட வண்டிக்காக நடைமேடையில் காத்திருந்தேன். பரிசோதகர் சீட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் ஆறுதல்.

பஞ்சமியன்று விடியலில் தஞ்சையை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள். திருமஞ்சன வீதியில் உள்ள தியாகராஜர் வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதிக்கு வந்து சேரும். நாகசுரம் முடிந்து, ஒன்பது மணியளவில் புல்லாங்குழலில் பைரவி ராகத்து ‘சேதுலார’ வாசிப்பார்கள். அதன் பிறகு பஞ்சரத்தினத்தில் முதலாவதான நாட்டை ராகக் கீர்த்தனை தொடங்கிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. எல்லோரும் சேர்ந்து பாடும் கோஷ்டியில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் எதிரெதிரே அமர்வார்கள். நாற்காலி கிடைக்கும் என்று நம்பி வரவேண்டாம். மடக்கு முக்காலி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, பெண்கள் பகுதியின் ஓரத்தில், யாருக்கும் மறைக்காமல் போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மிஸ்ரசாபு எழுதியது:

கடைவரிசை அவர்களே, உங்கள் அண்ணனுக்கு என் ஓட்டு.

நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். ஆராதனையைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அது வழிபாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் சங்கீதம் கேட்கப் பழகியவர். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியில், வர்ணத்தில் தொடங்கி, நான்கைந்து கீர்த்தனைகளில் சூடுபிடித்து, பிரதான ராகத்தை நிதானமாக விரித்து, தனியும் பல்லவியும் துக்கடாவும் கேட்டு மங்களத்தில் எழுந்து செல்பவர்களுக்குத் திருவையாற்றில் என்ன கிடைக்கும்? பாடகருக்கு ஒன்றிரண்டு கீர்த்தனைக்குத்தான் நேரம். ஆலாபனை தொடங்கும்போதே அடுத்தவர் தம்புராவோடு படியேறி நிற்கிறார். கோஷ்டி கானத்திலோ, முன்வரிசை பல்லவியை எடுத்த பிறகே பின்வரிசைக்கு ஒலி வந்து சேர்கிறது. பின்வரிசையினர் தாளத்தில் அரை எண்ணிக்கை, அதாவது அரை அட்சரம் தள்ளிப் பாடுகிறார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு தாளம் கேட்கிறது. ஒலிபெருக்கி மூன்றாவது தாளத்தைப் போடுகிறது.

போதாக்குறைக்கு, தொலைக்காட்சிக் கேமரா திரும்பும் திசையில் பட்டுப்புடவைகளும் சால்வைகளும் ஒருமுறை நிமிர்கின்றன. இதையெல்லாம் மூட்டுவலியோடு ஒரு மூதாட்டி தாங்க வேண்டுமா? அதே பணத்தில் சென்னையில் இன்னும் மூன்று கச்சேரிகள் கேட்கலாம்.

பூர்விகல்யாணி எழுதியது:

மிஸ்ரசாபு ஐயா சொன்ன அரை அட்சரம் உண்மைதான். கேமராவும் உண்மைதான். ஆனால் அவர் கேட்பவராகச் சென்று கேட்பவராகவே திரும்பியிருக்கிறார். கடைவரிசையின் அம்மா பாடுவதற்கல்லவா போகிறார்! ஒன்பது ஆண்டு கற்று, நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாய்திறவாமல் இருந்த ஒருவர், அனுமதி கேட்காமல், மேடைக்கு விண்ணப்பம் போடாமல், வித்வான்களோடு சேர்ந்து குரல் கொடுக்கக்கூடிய இடம் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

அந்த இடத்தில் பெண்கள் உட்காருவதே எளிதாக வந்துவிடவில்லை. 1921-இல் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அங்கே வந்தபோது தியாகராஜர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. தம் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டு, நிலத்தை வாங்கி, கோயில் எழுப்பி, 1926-இல் குடமுழுக்கு நடத்தியவர் அவர். ஆனால் அவர் கட்டிய கோயிலின் முன்பு ஆராதனை நடத்திக்கொண்டிருந்த பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் பெண்களைப் பாட விடவில்லை. அம்மாள் சண்டை போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பவில்லை. பெண்களைத் திரட்டிப் பெண்கள் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, சமாதியின் பின்புறத்தில் பாட வைத்தார். 1940-ஐ ஒட்டித்தான் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. இன்று நாம் காணும் பஞ்சரத்தினக் கோஷ்டி உறுதிப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். 1952-இல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே இருக்கிறது. கோஷ்டி முடிந்து எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். உங்கள் அம்மா பார்க்காமல் வரக்கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இது தொலைக்காட்சியில் தெரியாது. நாட்டையில் எல்லோரும் பாடுவார்கள். கௌளையில் நாலில் ஒரு பங்கு புத்தகத்தைத் தேடும். ஆரபியில், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் ‘ஸமயானிகி’ என்று திரும்பி வரும் இடத்தில், ஒன்றுமே தெரியாதவர்கள்கூடச் சேர்ந்துகொள்வார்கள். வராளி வந்ததும் பந்தல் சட்டென்று மெலிந்துவிடும். அந்த ராகத்தைக் குரு நேரடியாகச் சீடருக்குச் சொல்லிக்கொடுத்தால் உறவு முறிந்துவிடும் என்ற நம்பிக்கை இருப்பதால், பாடமாகக் கற்றவர்கள் குறைவு. ‘கனகன ருசிரா’வை அப்போது யார் பாடுகிறார்கள் என்று சுற்றிலும் பாருங்கள். பெரும்பாலும் வயதான பெண்களாக இருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஸ்ரீராகம் வந்து எல்லோரையும் மீட்டுவிடும்.

கடைவரிசை எழுதியது:

பூர்விகல்யாணி அம்மா எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “எனக்கும் வராளியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வாத்தியார் அடுத்த அறையில் உட்கார்ந்து வேறு யாருக்கோ பாடுவதுபோல் பாடுவார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்” என்றார். இத்தனை வருடங்களில் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற நான்கும் மையில் இருக்கின்றன, வராளி மட்டும் பென்சிலில் இருக்கிறது.

பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். தேதியை மூன்று முறை சரிபார்த்தேன்.

கீரைவடை எழுதியது:

பயணம் உறுதியாகிவிட்டதால் நான் வாய் திறக்கலாம். சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று பொறுத்துப் பார்த்தேன்.

திருவையாறு என்றால் அசோகா. பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்து, பருப்பென்று அடையாளம் தெரியாத அளவுக்கு மசித்துக்கொள்வார்கள். கோதுமை மாவைத் தனியாக நெய்யில் வறுத்து, இரண்டையும் சேர்த்து, சர்க்கரை போட்டுக் கிளறத் தொடங்கினால், முதலில் கூழாக இளகும், பிறகு கெட்டிப்படும், கடைசியில் உண்ட நெய்யை எல்லாம் ஓரத்தில் கக்கிக்கொண்டு வாணலியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுற்றிவரும். அந்தச் சமயத்தில் கடை வாசலில் நின்று, வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வாங்கிச் சுடச்சுடச் சாப்பிட வேண்டும். அல்வாவைப் போல இழுபடாது, நாக்கில் வைத்ததும் அதுவாகக் கரைந்துவிடும். பெட்டியில் அடைத்து வாங்கி, ஊருக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சாப்பிட்டுவிட்டு, “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

பாடுவதற்கு முன்பு மட்டும் தொடாதீர்கள். நெய்யும் சர்க்கரையும் தொண்டையில் படிந்தால் நாட்டையிலேயே கனைக்க வேண்டிவரும். அன்று காலை இரண்டு இட்டலி போதும். கும்பகோணத்தில் தங்கினால் இட்டலிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட தளர்த்தியான குழம்பு அது. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை, காவிரிக்கரையை விட்டுத் தாண்டினால் கிடைப்பதும் இல்லை. எல்லா உணவகங்களிலும் எல்லா நாளும் போடமாட்டார்கள், கேட்டுத்தான் உட்கார வேண்டும்.

மார்கழிச் சபா கேன்டீன்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே அடை அவியலும் வாழைப்பூ வடையும் அக்காரவடிசலும் உட்கார்ந்த இடத்துக்கு வரும், கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் இலை முன்னால் அமரலாம். திருவையாற்றில் அந்தச் சொகுசெல்லாம் இல்லை. தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் பையில் இருக்கட்டும்.

சபா கேன்டீன் என்றதும் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து செல்லும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் வரிசை சிறியதாக இருக்கும், வடையும் அப்போதுதான் சூடாக இறங்கும்.

அரைச்சாப்பு எழுதியது:

முப்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிக்கிறேன். கீரைவடை அவர்களின் வாக்குமூலத்தை மேடையிலிருந்து நேரில் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்லியாக வேண்டும்.

பாடகர் நிரவலையும் ஸ்வரத்தையும் முடித்து எங்கள் பக்கம் கையைக் காட்டும்போது, அரங்கில் நாற்காலிகள் மடங்கும் ஓசை கேட்கும். முன்வரிசையில் ஒன்று, நடுவில் நான்கு, பின்னால் சடசடவென்று பத்து. அந்த ஓசையின் மேல்தான் என்னுடைய முதல் சொல் விழ வேண்டும். விழுந்து, அதன் பிறகு கடத்தோடோ கஞ்சிராவோடோ மாறிமாறிக் கொடுத்து வாங்கி, அளவைச் சுருக்கிக்கொண்டே வந்து, இருவரும் சேர்ந்து முடிப்புச் சொற்கட்டுகளான மோராவும் கோர்வையும் வைத்து, மூன்று முறை வந்த கோர்வை பாட்டின் எடுப்பில் இம்மியும் பிசகாமல் இறங்கும்போது, வடையைத் தின்றுவிட்டு வந்தவர்கள் வாசலில் நின்றபடி கைதட்டுவார்கள். எங்கே இறங்கியது என்பது தெரியாமலே தட்டும் கைதட்டல் அது.

நீங்கள் ரவா தோசைக்காக எழுந்து போகிறீர்கள். கச்சேரிக்குக் கால்மணி நேரம் முன்னால் நானும் ரவையைத்தான் பிசைந்துகொண்டிருந்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், சுருதிக்கு ஏற்ற அளவில், சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் கும்கி என்ற கனத்த நாதம் எழும்பாது என்பதால், விரலால் தட்டித் தட்டிப் பார்த்து அப்புகிற ரவை அது. அடுத்தமுறை என் ரவைக்காகப் பன்னிரண்டு நிமிடம் உட்காருங்கள். உங்கள் ரவைக்கு நானே வரிசையில் நின்று டோக்கன் வாங்கித் தருகிறேன்.

திருவையாற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோஷ்டியில் பல மிருதங்கங்கள் ஒரே சமயத்தில் வாசிக்கும். ஐந்து கீர்த்தனைகளும் ஆதி தாளம்தான், தனி கிடையாது, யாரும் எழுந்து போவதும் கிடையாது. எங்களுக்கு அது ஒரு நிம்மதி.

மிஸ்ரசாபு எழுதியது:

அரைச்சாப்பு ஐயாவோடு நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். ஆனால் இதே காரணத்தால்தான் திருவையாற்றையும் மறுக்கிறேன். கவனித்துக் கேட்பதுதான் கலைஞருக்குச் செய்யும் மரியாதை. கூட்டத்தில் அது இயலாது. என் ஓட்டு மாறவில்லை.

அனந்தபுரி எழுதியது:

மிஸ்ரசாபு தேடுகிற கவனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில், பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள நவராத்திரி மண்டபம். ஒன்பது நாளும் மாலை ஆறு முதல் எட்டரை வரை ஒரே கச்சேரி. முதல் நாள் சங்கராபரணம், அடுத்துக் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனைகளே அந்தந்த நாளின் பிரதானம். பாடகர் தம் விருப்பப்படி மாற்ற முடியாது. ஆண்கள் வேட்டியோடுதான் வரவேண்டும். கைதட்டக் கூடாது.

கைதட்டல் இல்லாத கச்சேரியைக் கேட்டால்தான், நாம் எவ்வளவு இடத்தில் தட்டித் தட்டிச் சங்கீதத்தை நறுக்கியிருக்கிறோம் என்பது உறைக்கும். தோடி முடிந்த பிறகு தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே நான் ஆண்டுதோறும் போகிறேன். ஒலி பரவுவதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்து அமைத்திருக்கிறார்கள். அங்கே வழிபாட்டுக்கு வைக்கப்படும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வருபவள். கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆகவே தமிழர்களுக்கு அங்கே அன்னியம் என்று எதுவும் இல்லை.

பூர்விகல்யாணி அம்மாவுக்கு ஒரு செய்தி. அந்த மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006-இல். பாறசாலை பொன்னம்மாள்தான் அவர். அப்போது அவருக்கு எண்பது வயதைத் தாண்டியிருந்தது.

கீரைவடைக்கும் ஒரு செய்தி. இங்கே இலையில் போளியைப் போட்டு, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவோம். எட்டரைக்குக் கச்சேரி முடிந்த பிறகுதான்.

கீரைவடை எழுதியது:

போளியின் மேல் பாயசமா? கேட்பதற்குத் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போவதைவிடப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. நேரில் வந்து விசாரிக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பேச்சு சேர நாட்டுக்குப் போய்விட்டது. நான் சோழ நாட்டுக்கு இழுத்துவருகிறேன்.

கடைவரிசை, உங்களுக்கு ஒருநாள் மிச்சமிருந்தால் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், ஆடுதுறைக்கு அருகே நரசிங்கன்பேட்டையில் இறங்குங்கள். ஆராதனையில் காலையில் கேட்ட நாகசுரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்து உத்தரங்களைத்தான் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிக் காய்ந்து, இனிச் சுருங்கவோ வெடிக்கவோ ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்த மரம் அது. கடைந்து, துளையிட்டு, ஏழு விரல் துளைகளையும் ஐந்து பக்கத் துளைகளையும் திறந்து, அடிமுனையில் அணசு பொருத்தி, ஊதுவாயில் சீவாளி வைத்து ஊதிப் பார்க்கும்வரை, அது நாகசுரமா விறகா என்பது செய்தவருக்கே உறுதியில்லை. நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுத்த மத்தியம ஸ்வரம் கச்சிதமாகப் பேசும் நீளமான பாரி நாகசுரத்தை வடித்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் தொழிலில் இருக்கும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே.

திருவையாற்றிலேயே ஐயாறப்பர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று அழைத்தால் ஏழுமுறை எதிரொலிக்கும் என்பார்கள். நான் எண்ணிப் பார்த்தபோது ஐந்துக்கு மேல் போகவில்லை. என் காதில் கோளாறாக இருக்கலாம்.

கடைவரிசை எழுதியது:

போய்விட்டுத் திரும்பிவிட்டோம். கடன்பட்டவனாகச் செய்தி சொல்லவேண்டும்.

வெண்ணாற்றங்கரை ஐயா சொன்னபடி முந்திய நாளே சென்று, முன்னிரவு வரை பந்தலில் இருந்தோம். பெயர் கேள்விப்படாத ஓர் இளைஞர் பத்து நிமிடத்தில் ஒரே ஒரு சஹானா பாடிவிட்டு, தியாகராஜர் சன்னதிப் பக்கம் கும்பிட்டு இறங்கிப் போனார். யாரும் அறிமுகம் செய்யவில்லை, பொன்னாடை போர்த்தவில்லை. மிஸ்ரசாபு ஐயா அந்த இடத்தில் இருந்திருந்தால் ஓட்டில் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும் என்று தோன்றுகிறது.

மறுநாள் காலையில் அம்மாவைப் பெண்கள் பகுதி ஓரத்தில் முக்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் எதிர்ப்புறம் சென்றுவிட்டேன். இடையில் இருந்த தலைகளில் அவர் எனக்குத் தெரியவே இல்லை. நாட்டை தொடங்கியதும் எனக்குப் பாட்டில் மனம் செல்லவில்லை. சுருதி ஒத்துவருகிறதா, மயக்கம் வருகிறதா, தண்ணீர் பாட்டிலை என் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேனே என்று அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. அரை அட்சரம் தள்ளி ஒலித்ததா என்று யாராவது கேட்டால், ஒலித்தது. பொருட்படுத்தத் தோன்றவில்லை.

நடந்ததை அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் பிறகு சொன்னாள். நாட்டையில் அம்மாவின் குரல் மேல் ஷட்ஜத்தில் உடைந்துவிட்டதாம். வாயை மூடிக்கொண்டு, கௌளை முழுவதும் தாளம் மட்டும் போட்டிருக்கிறார். ‘ஸமயானிகி’யில் மெதுவாகச் சேர்ந்துகொண்டிருக்கிறார். அந்தப் பெண் சாகித்தியத்தைக் கைப்பேசியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தவள். வராளியின் நடுவில் பார்த்து அவளுக்கு அழைப்பு வந்து திரை மாறிவிட்டது. அவள் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்த அம்மா, பாடுவதை நிறுத்தாமலே, மடியிலிருந்த நோட்டைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தி, பென்சில் எழுத்தில் வரியின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். “பாட்டி நோட்டைப் பார்க்கவே இல்லை, அங்கிள். விரல் மட்டும் சரியாக நகர்ந்தது” என்றாள். அங்கிள் என்றதை மன்னித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. அண்ணன்தான். தொலைக்காட்சியில் பந்தலைக் காட்டினார்களாம், ஓரத்தில் நீலப்புடவையில் தெரிந்தது அம்மாதானா என்று கேட்டார். அம்மா அன்று கட்டியிருந்தது பச்சை. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாகரத்தினம்மாள் சமாதியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு கடைத்தெருவில் அசோகா. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நெய் சரியாக இருக்கிறது, பருப்பை இன்னும் ஒரு நிமிடம் வறுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு அரைக்கிலோ கட்டச் சொன்னார். கீரைவடை எச்சரித்தபடியே அவர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள்தான் சாப்பிட்டார், அவர் கருத்தை இங்கே எழுதப்போவதில்லை. ஐயாறப்பர் கோயிலில் அம்மா எண்ணியது ஆறு. நரசிங்கன்பேட்டைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அனந்தபுரி ஐயாவுக்கு ஒரு கேள்வி. அம்மா நவராத்திரிக்கு நாள் குறித்துவிட்டார், நான்காம் நாளாம், தோடிக்காகவாம். முக்காலியை மண்டபத்துக்குள் விடுவார்களா?